யாருக்குப் பயந்து இந்தத் தாழ்ப்பாள்?

அத்தியாயம் 12

போன வாரம் நாம் ஒரு கதவருகே நின்றோம். பத்து வயதுப் பெண் ஒருத்தி அந்தக் கதவில் சாய்ந்துகொண்டு தன் அம்மாவைக் கேட்டாள்: "ஏம்மா, அந்தத் தாழ்ப்பாளை அப்பா கழட்டினப்ப நீ சும்மா பாத்துக்கிட்டு நின்னே?"

இந்த வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நாலு வார்த்தை. கீழே பூட்டுக்கடை, மேலே வீடு. அண்ணன், தம்பி இருவருக்கும் ஒரே அடுப்பு. தம்பி பூட்டு பழுது பார்ப்பவர். தெருவுக்கே அவர் பூட்டுக்காரர். நகல் சாவி வெட்டும் இயந்திரம் அவர் மனைவி கையில் இருப்பதால் அவள் சாவிக்காரி. நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து கையில் திருப்புளியோடு திரிந்த மகளுக்குத் திருப்புளி என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அண்ணனைப் பெரியவர் என்பார்கள். வியாபாரிகள் சங்கத்தின் தலைவர். வெளியூர் போகிறவர்கள் தங்கள் வீட்டுச் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக வண்டி ஏறுவார்கள். அப்படி ஒரு நம்பிக்கை.

மழைக்காலத்தில் ஒரு நாள் திருப்புளி தன் அறைக் கதவின் உள்பக்கம் தானே ஒரு தாழ்ப்பாள் பொருத்தினாள். கடையில் மூலையில் கிடந்த இரும்புத் தாழ்ப்பாள். கோணலாக இருந்தது. கதவோ மெல்லிய பலகை. அவள் முடுக்கியிருந்ததோ கடை ஷட்டருக்குப் போடும் நீளத் திருகாணிகள். முனைகள் மறுபக்கம் துருத்திக்கொண்டு நின்றன. பூட்டுக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. "புலிக்குப் பிறந்தது பூனையாகுமா?" என்று வந்தவர் போனவரையெல்லாம் மேலே கூட்டிப்போய்க் காட்டினார்.

பெரியவரும் வந்து பார்த்தார். "பூட்டுக்கடைக்காரன் வீட்டுல கோணல் தாழ்ப்பாளா? பாக்கறவன் சிரிப்பான்டா. கழட்டிட்டு நல்லதா ஒண்ணு போடு" என்றார். தம்பி அன்றைக்கே கழற்றினார். பித்தளையில் புதிதாகப் போடுவதாகச் சொன்னார். ஊரார் கதவுக்கெல்லாம் நேரம் இருந்த மனிதருக்கு மகளின் கதவுக்கு நேரம் வரவேயில்லை.

அந்தக் கதவில் சாய்ந்தபடியே மிச்சத்தையும் திருப்புளி அம்மாவிடம் சொல்லிவிட்டாள். மாலையில் கடையில் கூட்டம் நெரியும். பெரியம்மா நடைப்பயிற்சிக்குப் போயிருப்பாள். கணக்குச் சொல்லித் தருகிறேன் என்று பெரியப்பா அறைக்குள் வருவார். வந்து என்ன செய்தார் என்பதை அவள் துண்டு துண்டாகத்தான் சொன்னாள். அதை இங்கே எழுதப்போவதில்லை. சாவிக்காரி கேட்டாள், கேட்டதும் நம்பினாள்.

இனி இன்றைய காலை.

"அப்பாகிட்ட சொல்லிடாதேம்மா" என்றாள் திருப்புளி, சீருடைக்குள் இன்னொரு சட்டையை மாட்டிக்கொண்டே.

"ஏன் கண்ணு?"

"சொன்னா அப்பாவைக் கடையை விட்டு வெளியே தள்ளிடுவேன்னு பெரியப்பா சொன்னாரு. நாம தெருவுக்கு வந்துடுவோமாம். எல்லாம் என்னாலதானாம்."

சாவிக்காரி மகளின் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். அழக் கூடாது என்று பல்லைக் கடித்தாள். தான் அழுதால் குழந்தை தன்னைத்தான் சமாதானப்படுத்த ஆரம்பிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"இங்க பாரு. உன் மேல ஒரு தப்பும் இல்லை. தப்பு அவர் பண்ணினது. நீ சொன்னது ரொம்ப நல்ல காரியம். அப்பாகிட்ட சொல்லாம இருக்க முடியாது, அந்த வாக்கு நான் கொடுக்க மாட்டேன். ஆனா வேற ஒரு வாக்கு கொடுக்கறேன்."

"என்ன?"

"யார் முன்னாடியும் உன்னை நிறுத்தி வச்சு இதைக் கேக்க விட மாட்டேன். அப்பாவா இருந்தாலும் சரி, பெரியப்பாவா இருந்தாலும் சரி. சத்தியம்."

திருப்புளி கொஞ்ச நேரம் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். பெரியவர்களின் வாக்குறுதிகளைப் பற்றி அவளுக்குச் சொந்த அனுபவம் உண்டு. பித்தளைத் தாழ்ப்பாள் இன்னும் வரவில்லை.

"நிஜமாவா?" என்றாள்.

"நிஜமா."

பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் சாவிக்காரி தன்னையே திட்டிக்கொண்டு நடந்தாள். எல்லாமே கண்ணெதிரில்தானே இருந்தது! படுக்கை நனைந்தபோது, இந்த வயசில் என்னடி வெட்கக்கேடு என்று அதட்டினாள். சாயங்காலமானால் வயிற்றுவலி என்றபோது பூச்சி மருந்து கொடுத்தாள். பெரியப்பா தூக்க வந்தால் குழந்தை கட்டையாக விறைத்தபோது, பெரியவங்களை மதிக்கத் தெரியலை என்று தலையில் குட்டினாள். அந்தக் குட்டை நினைத்தபோது நடுத்தெரு என்றும் பாராமல் அவளுக்குக் கண் கலங்கியது.

முதலில் சந்தேகப்பட்டவள் வகுப்பு டீச்சர்தான். கழிப்பறைக்குத் தனியாகப் போகப் பயப்படுகிறாள், கதவு சாத்தினால் அழுகிறாள் என்று முன்பே ஆள் அனுப்பியிருந்தாள். இப்போது விஷயத்தைக் கேட்டதும் அவள் கன்னத்தில் கை வைத்து உட்காரவில்லை. குழந்தைகளுக்கான உதவி எண்ணை அழுத்தி, போனைச் சாவிக்காரியின் கையில் கொடுத்தாள்.

மறுமுனையில் பேசிய பெண்ணின் குரல் நிதானமாக இருந்தது. "நீங்க நம்பினீங்க பாருங்க, பாதி பாரம் அதுலயே அவளுக்கு இறங்கியிருக்கும். இனிமே எப்படி, எத்தனை தடவைன்னு துருவாதீங்க. அவளா சொன்னா கேளுங்க. ஆளாளுக்குக் கேக்க விடாதீங்க. அதுக்குன்னு பழகினவங்க இருக்காங்க, அவங்க கேப்பாங்க. டாக்டர், போலீஸ் எல்லாத்துக்கும் கூட நாங்க வர்றோம். நாளைக்குக் காலையில எங்க ஆள் உங்களைப் பாப்பாங்க. இன்னிக்கு ராத்திரி மட்டும் அந்த ஆள் இருக்கற வீட்டுல அவ படுக்கவே கூடாது."

"என் வீட்டு மாடியில ஒரு ரூம் காலியா இருக்கு" என்றாள் டீச்சர், கேட்காமலே.

கடைக்கு வந்தபோது பூட்டுக்காரர் ஒரு பழைய அலமாரிப் பூட்டின் வயிற்றைக் கிழித்து வைத்திருந்தார். எதிரே ஒரு வாடிக்கையாளர். வழக்கமான கேள்வியை அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். இந்தக் கடையில் அந்தக் கேள்வி கேட்காமல் ஒரு பூட்டும் விற்றதில்லை.

"யாருக்குப் பயந்து பூட்டு வாங்கறீங்க? அதைச் சொல்லுங்க முதல்ல. தெருவுல போறவனுக்கா, கூடவே இருக்கறவனுக்கா? ஆளுக்குத் தகுந்த பூட்டுதான் போடணும்."

அந்த ஆள் பூட்டை வாங்கிக்கொண்டு போகும்வரை சாவிக்காரி காத்திருந்தாள். பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை.

பூட்டுக்காரர் கையிலிருந்த அரத்தை மேசைமேல் வீசினார். அது எகிறித் தரையில் விழுந்தது.

"யாரைப் பத்திப் பேசறேன்னு தெரிஞ்சுதான் பேசறியா? என்னைத் தூக்கி வளத்தவருடி அவரு!"

"தெரியும்."

"குழந்தை எதையோ டிவியில பாத்துட்டு உளறுது. நீயும் அதைத் தூக்கிக்கிட்டு வந்துட்டே."

"டிவியில பாத்தா படுக்கை நனையுமாங்க?"

"மல்லாந்து படுத்துட்டு எச்சில் துப்பினா யார் மூஞ்சியில விழும்? சங்கத் தலைவருடி அவரு! நாளைக்கு இந்தக் கடையில ஒருத்தன் பூட்டு வாங்குவானா?"

"உங்க கவலை அதுவா?"

"அவளைக் கூட்டிட்டு வா. நானே கேக்கறேன். என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லட்டும்."

"மாட்டேன்."

"நான் அவளைப் பெத்த அப்பன்!"

"அப்பன்தானே? கடைக்கு வர்ற முன்பின் தெரியாதவன்கிட்டகூட, யாருக்குப் பயந்து பூட்டு வாங்கறேன்னு கேக்கறீங்களே. உங்க பொண்ணு தாழ்ப்பாள் போட்டாளே, அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? ஊரைக் கூட்டிக் காட்டினீங்க. அப்புறம் அந்த ஆள் சொன்னாருன்னு கழட்டினீங்க."

பதில் வராதபோது ஆண்கள் செய்வதையே பூட்டுக்காரரும் செய்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். நேராக அண்ணனிடம்தான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்?

சாயங்காலம் பள்ளி விட்டதும் சாவிக்காரி மகளை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ஒரே வேலைதான்: நாலு துணியை எடுத்துப் பையில் வைப்பது, டீச்சர் வீட்டுக்குப் போவது. மாடிப்படியில் செருப்புகளைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. கடை நேரத்தில் ஆண்களின் செருப்பு அங்கே கிடக்காது.

"நீ ரூமுக்குப் போய்த் துணியை எடுத்து வை. ரேடியோவைச் சத்தமா வை. நான் கூப்பிடாம வெளியே வராதே" என்றாள்.

திருப்புளி கூடத்துச் சுவரை ஒட்டியபடியே, யாரையும் பார்க்காமல் அறைக்குள் ஓடினாள். கதவைச் சாத்தினாள். சாத்தத்தான் முடியும்.

கூடத்தில் பெரியவர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் கோபம் இல்லை. அந்தச் சாந்தம்தான் சாவிக்காரியைப் பயமுறுத்தியது. பூட்டுக்காரர் சுவரோரம் நின்றார். நடுவில், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பெரியவரின் மனைவி.

"வாடியம்மா வா" என்றாள் ஓரகத்தி. "கூடச் சேர்ந்து ஒரே அடுப்புல சமைச்சோமே, அதுக்கு இதுதான் கைம்மாறா? நாக்கு அழுகிப் போகாதா உனக்கு?"

"அக்கா, உங்க மேல எனக்குக் கோபம் இல்லை. நான் துணி எடுக்கத்தான் வந்தேன்."

"எனக்கு இருக்குடி கோபம்! தனிக்குடித்தனம் போகணும்னா வாயைத் திறந்து கேளு. அதுக்கு ஒரு பச்சைப் பிள்ளை வாயிலயா விஷத்தை ஊத்தி அனுப்புவே?"

பெரியவர் கையை உயர்த்தி மனைவியை அடக்கினார். "விடு. எனக்கு யார் மேலயும் வருத்தம் இல்லை. குழந்தை எதையோ தப்பாப் புரிஞ்சுக்கிட்டா. கணக்கு வரலைன்னு ரெண்டு தடவை அதட்டினேன், அந்தக் கோபமா இருக்கும்." தம்பியின் பக்கம் திரும்பினார். "அவளைக் கூப்பிடுடா. எல்லார் முன்னாடியும் சொல்லட்டும். என் கண்ணைப் பாத்துச் சொல்லிட்டா, நானே வீட்டை விட்டுப் போயிடறேன்."

நியாயமான பேச்சு! கேட்கிறவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். அவர் கண்ணைப் பார்த்து ஒரு வார்த்தையும் சொல்ல முடியாதபடி அந்தக் குழந்தையை மாதக்கணக்காகப் பழக்கி வைத்திருப்பவரும் அவர்தானே? பயத்தை ஏற்கெனவே விதைத்துவிட்டவருக்குப் பஞ்சாயத்தைக் கூட்ட என்ன பயம்?

"அவ வர மாட்டா" என்றாள் சாவிக்காரி.

"பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்று ஓரகத்தி கத்தினாள். "உண்மையா இருந்தா வரச் சொல்ல வேண்டியதுதானே? மடியில கனம் இருக்கறவளுக்குத்தான் வழியில பயம்."

"பத்து வயசுப் பிள்ளைக்கா, அக்கா, மடியில கனம்? கேக்க வேண்டியவங்க நாளைக்குக் கேப்பாங்க. உதவி எண்ணுக்குப் பேசிட்டேன். காலையில ஆள் வருது."

அறைக்குள் ரேடியோ சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தது.

பெரியவரின் முகத்தில் இருந்த சாந்தம் கழன்றது. "வெளியாளைக் கூப்பிட்டியா? என் வீட்டுக்குள்ளயா?" நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். "டேய், உன் பெண்டாட்டிக்கு எவ்வளவு துணிச்சல் பாத்தியா? நீ ஆம்பிளைன்னா இப்பவே போய் அந்தப் பொண்ணை இழுத்துட்டு வா. இல்லைன்னா நாளையிலேருந்து கடைப் படி ஏறாதே."

பூட்டுக்காரர் நகர்ந்தார்.

சாவிக்காரி அவரை முந்திக்கொண்டு ஓடி அறைக் கதவில் முதுகைக் கொடுத்து நின்றாள். "என்னை அடிச்சுத் தள்ளிட்டுத்தான் உள்ளே போகணும். சொல்லிட்டேன்."

"தள்ளு."

"தள்ள மாட்டேன். அவளுக்கு வாக்கு கொடுத்திருக்கேன்."

"தள்ளுன்னு சொல்றேன்ல!" அவர் ஒரு கையை அவள் தோளுக்கு மேலே கதவில் ஊன்றினார்.

ரேடியோவின் சத்தம் சட்டென்று நின்றது. உள்ளேயிருந்து குரல் வந்தது. மிக அருகில்; கதவுக்கு அந்தப் பக்கம் அவளும் முதுகைக் கொடுத்துத்தான் நின்றிருக்க வேண்டும்.

"அம்மா... நான் வரணுமா?"

"வேண்டாம் கண்ணு. நீ வர வேண்டாம்."

பூட்டுக்காரர் கையைத் தளர்த்தினார். அப்போதுதான் அவர் விரல்களுக்கு அந்தத் துளைகள் தட்டுப்பட்டன. மெல்லிய பலகையை ஊடுருவி வெளியே வந்த திருகாணிகளின் துளைகள். அவரே கழற்றியவை. பிள்ளைக்கு அளவே தெரியலை, இந்தக் கதவுக்கு எதுக்கு ஷட்டர் திருகாணி என்று சிரித்துக்கொண்டே கழற்றியவை.

ஆளுக்குத் தகுந்த பூட்டுதான் போடணும் என்று அவர் வாடிக்கையாளர்களுக்குச் சொல்வதையெல்லாம் அந்தப் பிள்ளை பட்டறை மேசைக்கு அடியில் விளையாடிக்கொண்டே கேட்டு வளர்ந்தவள். கடையிலேயே நீளமான திருகாணியைத் தேடி எடுத்திருக்கிறாள். அவ்வளவு பலமுள்ள ஆளுக்குப் பயந்து.

அவர் அந்தத் துளைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். ஒரு துளைக்குள் காகிதம் சுருட்டி அடைக்கப்பட்டிருந்தது. அடுத்ததிலும். வெளியேயிருந்து யாரும் பார்த்துவிடக் கூடாது என்று.

"திருப்புளி..." என்றார், கதவைப் பார்த்து. "அப்பா உன்னை எதுவும் கேக்க மாட்டேன்மா. நீ துணியை எடுத்து வை."

பிறகு திரும்பினார். "அண்ணே, நீங்க கீழே போங்க."

"என்னடா சொன்னே?"

"கீழே போங்க. அவ இந்த வீட்டை விட்டு வெளியே போற வரைக்கும் நீங்க இந்த மாடியில இருக்கக் கூடாது."

"அப்ப நீயும் நம்பறியா?"

அண்ணனின் முகத்தை நேராகப் பார்க்க இன்னும் பூட்டுக்காரருக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் கதவை விட்டு நகரவும் இல்லை. மனைவிக்குப் பக்கத்தில், அவளைப் போலவே முதுகைக் கொடுத்து நின்றார்.

சாவிக்காரி அவரைப் பார்த்தாள். மன்னிக்கவில்லை. மன்னிப்பதற்கெல்லாம் இன்று நேரம் இல்லை.

"சபாஷ்! குடும்பமே சேர்ந்து நாடகம் போடுதா?" ஓரகத்தி இடுப்பிலிருந்து போனை உருவினாள். "இருங்கடி. எங்களுக்கும் ஒரு பொண்ணு இருக்கா. இதே வீட்டுல பிறந்து வளந்தவ. அவ அப்பன் எப்பேர்ப்பட்ட மனுஷன்னு அவ சொல்லட்டும். உங்க வாயை அவ அடைப்பா."

மூத்தவளைப் பற்றி இந்தத் தொடரில் அவ்வளவாகப் பேசியதில்லை. அவர்கள் வீட்டிலும் அவ்வளவாகப் பேசுவதில்லை. படிப்பு என்று சின்ன வயதிலேயே விடுதிக்குப் போனவள். பிறகு வேலை, பிறகு கல்யாணம், எல்லாம் தூர ஊரில். நல்லது கெட்டதுக்குக்கூட வந்து எட்டிப் பார்த்ததில்லை. நன்றி கெட்டவள் என்று பெரியவர் ஒரே சொல்லில் முடித்துவிடுவார்.

"போனைக் கீழே வை" என்றார் பெரியவர்.

"நீங்க சும்மா இருங்க. உங்க மேல பழி விழறதை நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா?" ஓரகத்தி போனை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள். மணி அடித்தது. மூத்தவள் எடுத்தாள்.

"என்னம்மா, இந்த நேரத்துல?"

"நீயே கேளுடி இந்த அநியாயத்தை! உன் சித்தி உங்கப்பாவைப் பத்தி என்ன பேசறா தெரியுமா? அந்தச் சின்னது ரூமுக்குள்ள உங்கப்பா போறாராம், கையை வைக்கறாராம், வாய் கூசாம சொல்றா. நீ சொல்லுடி. உங்கப்பா அப்படிப்பட்டவரா? நல்லா உறைக்கிற மாதிரிச் சொல்லு!"

மறுமுனையில் சத்தம் இல்லை.

"கேக்குதாடி? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்" என்றாள் மூத்தவள். பிறகு கேட்டாள்: "தங்கச்சி எந்த ரூம்ல இருக்காம்மா?"

"எந்த ரூம்லன்னா? உன் பழைய ரூம்லதான்."

பெரியவர் போனைப் பிடுங்கக் கையை நீட்டினார். பூட்டுக்காரர் குறுக்கே வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணனைத் தொட்டு அவர் தடுத்தது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை.

"சித்தி அங்க இருக்காங்களா?" மூத்தவளின் குரல் உடைந்திருந்தது. "சித்தி, அவளை இப்பவே வெளியே கூட்டிட்டுப் போங்க. யாரும் அவளைக் கேக்க வேண்டாம். கேக்கணும்னா என்னைக் கேக்கச் சொல்லுங்க. நான் கிளம்பி வர்றேன்."

இணைப்பு அறுந்தது.

சாவிக்காரி கதவைத் திறந்தாள். திருப்புளி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தயாராக நின்றிருந்தாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, யாரும் கூப்பிடாமல், யாருக்கும் பதில் சொல்லாமல், கூடத்தைக் கடந்து படியிறங்கினாள்.

ஓரகத்தி அவர்களைப் பார்க்கவேயில்லை. அணைந்துபோன போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்றுவரை கணவர் சொன்ன ஒற்றைச் சொல்லைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தவள், முதல் தடவையாக நிமிர்ந்து அவரைப் பார்த்துக் கேட்டாள்.

"என்னங்க... அவ ஏன் இத்தனை வருஷமா இந்த வீட்டுப் பக்கமே வரலை?"